சிறு புள்ளும் நிழற்படமும்

பொழுதுபோக்குக்கள் பலவற்றுள்ளும், காட்டுச் சிறு பறவைகளை நிழற்படம் எடுத்தல் இன்பமும் அறிவும் ஒருங்கே பயப்பதாகும். அதன் இயல்பினையும், அதனை மேற்கொள்வார் கடைப்பிடிக்கற்பாலனவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இக்கலையை இங்கிலாந்தில் வளர்த்தோருள் ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் குறிப்பிடத்தக்கவர். 1892 ஆம் ஆண்டில் இளையவராகிய செர்ரி ஒரு பறவைக் கூட்டினை முட்டைகளோடு படமெடுத்தார். 1895 இல் பறவைக் கூடுகளைப்பற்றி மூத்தவர் எழுதிய நூல், இளையவர் எடுத்த படங்களைத் தாங்கி வெளிவந்தது. புட்கள் அஞ்சாவண்ணம் காளையின் தோலைப் பொய்ம்மாடாகச் சமைத்து, அதனுள் ஒளிந்திருந்தும் அவர்கள் படம்பிடித்தனர். நம் நாட்டில் காட்டுயிர்களைப் படமெடுத்தும் அவற்றைக் குறித்து எழுதியும் புகழ்பெற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). இவர் ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையாவின் மைந்தர் என்பது தமிழ் பயில்வோர்க்கு உவகை தருவதொன்று.

இனி, செய்முறை. தேன்சிட்டு, தையற்சிட்டு முதலியன பத்துக் கிராம் எடையளவினவே, ஓரிடத்தும் தரித்திரா. ஆதலின் 400 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் குவியத்தூரமுள்ள லென்ஸ் வேண்டும். ஷட்டர் ஒரு நொடியின் ஆயிரத்திலொரு கூற்றினும் விரைந்து மூடுதல் நன்று. இல்லையேல் உருவம் கலங்கும். பறவையின் கண்ணில் குவியம் அமையவேண்டும். சிறகு சிறிது தெளிவின்றியிருப்பினும் குற்றமில்லை. கண் மங்கிற் படம் உயிரற்றதாம். கதிரவன் எழுந்த இரண்டு மணிநேரத்துள், ஒளி நம் முதுகுப்புறமிருக்க எடுத்தல் சிறப்பு. பறவையைத் துரத்தலாகாது. அது நாடிவரும் பூங்கொத்தின் அருகே அசையாதிருப்பின், அதுவே மீண்டும் மீண்டும் வரும்.

பொறுமையே இக்கலையின் முதல். அஃதின்மையால் யாம் செய்த பிழையொன்றை ஈண்டு மறையாது கூறுதும். விடுதித் தோட்டத்து நாட்டுவாதுமைக் கன்றின் அகலிலையைப் பஞ்சிழையாலும் சிலந்திநூலாலும் தைத்து, ஒரு தையற்சிட்டு கூடமைத்திருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். மேலே கவிந்த இலையொன்று ஒளியை மறைக்கவே, அதனை நூலால் ஒருபுறம் இழுத்துக் கட்டினோம். வாயிற் புழுவோடு வந்த தாய் கூட்டை அணுகாது, கிளைக்குக் கிளை தாவிக் கதறியது. அந்நிலையை நற்பேறெனக் கருதிப் படமெடுத்தோம். மாலையில் நூலை அவிழ்க்க மறந்தோம். மறுநாட் காலை சென்று நோக்க, கூடு கிழிந்து கிடந்தது, காகமொன்று அருகிருந்தது. படம் மிக நன்றாக வந்திருந்தது. கண்டோர் பாராட்டினர், யாம் ஒன்றும் பேசாதிருந்தோம்.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்னும் சொற்குப் பொருள் வரையறுக்குமிடத்து, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைத்தலையும் அதனுள் அடக்குகின்றது. இதனைப் பின்னரே படித்தறிந்தோம். வில்லேந்தா யாமும் அன்று வேடராயினோம்.

ஆதலின் நண்பர்காள், இக்கலையை விரும்பிப் பயிலுங்கள்; ஆயின் கூட்டை அணுகாதீர்கள். இலையொன்றையும் ஒடிக்கவோ விலக்கவோ வேண்டா. இரையோடு வந்த பறவை கூடு புகாது கதறின், கருவியை மூடி அகன்றுவிடுங்கள். அன்று படமின்றித் திரும்புதல் இழிவன்று.