பல கை பட்ட பெட்டி

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் யாரும் உடனே புது மோட்டார் வாங்க ஓடுவதில்லை. காயில் கட்டும் கடைக்குத்தான் தூக்கிப் போகிறார்கள். அங்கே கருகிய கம்பியை வெட்டியெடுத்து, சுற்றுகளை எண்ணி, அதே கேஜ் எனாமல் கம்பியால் மறுபடி கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் விசைத்தறியும் போர்வெல் வண்டியும் லாரியும் இத்தனை வருடம் ஓடுவது இப்படிப்பட்ட கைகளால்தான். அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய ஹாம் ரேடியோ கருவி ஒன்று இந்த ஊர்ப் பரணில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கும் இதே கைகளிடம் பதில் இருக்கிறது. அப்படிப்பட்ட கருவியைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் அது காப்பாற்றப்பட்டதாக ஆகாது. திறந்து, பழுது பார்த்து, அவ்வப்போது ஓட்டி வைத்தால்தான் அது நிலைக்கும். நம் நாட்டுக் கருவிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஹாம் ரேடியோ என்பது தனி மனிதர்கள் அரசின் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு. இதில் வியாபாரம் கிடையாது, விளம்பரம் கிடையாது. இந்தியாவில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் தருகிறது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். தேறியவருக்கு வியு2, வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேண்டிய ஆன்டெனா, இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டிய ஏறக்குறைய 20 மீட்டர் செம்புக்கம்பிதான். அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், வடக்கே சேர்வராயன் மலை மறித்து நின்றாலும் தமிழ்நாடு முழுக்கப் பேச முடியும்.

இந்தக் கருவிகள் நம்மிடம் வந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பு ஆரம்பமானது. பிறகு 200 வாட் கருவிக்கு மாறினார்கள். 1927இல் பணமில்லாமல் கிளப் நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள், மாநகராட்சி 1930இல் அதை வைத்துத் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. கிளப் போன பிறகும் கருவி ஓடியது. 1939இல் போர் மூண்டதும் ஹாம் உரிமங்கள் ரத்தாயின, கருவிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனாலும் 1942 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் நடத்திய ரகசிய காங்கிரஸ் ரேடியோவுக்கு டிரான்ஸ்மிட்டர் செய்து கொடுத்த நாரிமன் பிரிண்டர், போருக்கு முன் ஹாமாக இருந்தவர். போர் முடிந்ததும் ராணுவ டிஸ்போசல் சரக்கு சந்தைக்கு வந்தது. வெளிநாட்டுக் கருவியை இறக்குமதி செய்வது எட்டாக்கனியாக இருந்த அந்தக் காலத்தில், ஒரு தலைமுறை ஹாம்கள் அந்தச் சரக்கை நம்பித்தான் வானலைக்கு வந்தார்கள்.

அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களில் இருந்த பிசி-348 ரிசீவர் அப்படி வந்த சரக்குகளில் ஒன்று. விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்தது அது. வால்வுகளுக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜை அதற்குள்ளிருக்கும் டைனமோட்டார் என்ற சுழலும் கருவி தரும். அதை வாங்கிய ஹாம், டைனமோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் 230 வோல்ட்டில் ஓடும் பவர் சப்ளையைக் கட்டினார். தொடராக இருந்த ஹீட்டர் இணைப்புகளை அறுத்து 6.3 வோல்ட்டுக்கு இணையாக மாற்றினார். ஸ்பீக்கருக்கு ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் சேர்த்தார். டிரான்ஸ்மிட்டரையோ கடைசிக் கட்டத்தில் ஒரு 807 வால்வை வைத்து, பிஸ்கட் டின்னோ அலுமினியத் தகடோ கிடைத்ததை சேஸிஸ் ஆக்கித் தானே செய்துகொண்டார். இப்படிப்பட்ட பெட்டிக்கு ‘மூல நிலை’ என்று எதைச் சொல்வது? அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு அதைத் திருப்பினால், இந்தியாவில் அது வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் அழிக்க வேண்டியிருக்கும்.

ஆகவேதான் பழம்பொருள் ஆர்வலர்கள் சிலர் வைக்கும் முதல் ஆட்சேபம் இங்கே வலுவிழக்கிறது. எதையும் மாற்றாதே, ஒரு கண்டன்சரைக்கூட எடுக்காதே, மாற்றினால் சரித்திரம் போய்விடும் என்கிறார்கள். தொழிற்சாலையின் முத்திரையோடு கைபடாமல் வந்த கருவிக்கு அந்த எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் நம்மிடம் உள்ள பெட்டிகளில் சரித்திரமே கைபட்ட இடங்களில்தான் இருக்கிறது. கூடுதலாகப் போட்ட ஓட்டையும், வேறு நிற ஒயரும், பென்சிலில் எழுதிய வோல்ட்டேஜ் கணக்கும், கையால் சுற்றிய காயிலும்தான் அந்தச் சரித்திரம். இன்று நாம் செய்யும் பழுதுபார்ப்பு அதன் அடுத்த பக்கம். ஒரே நிபந்தனை, அது ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டும். எந்தப் பாகத்தை எப்போது மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி சேஸிஸுக்குள் ஒட்டிவைக்கலாம், கழற்றியதை ஒரு கவரில் போட்டுப் பெட்டியோடு சேர்த்துவைக்கலாம். பழைய கண்டன்சரின் கூட்டைக் குடைந்து அதற்குள் புதியதை ஒளித்துவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதில் கைத்திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அடுத்து திறப்பவரை அது ஏமாற்றுகிறது. நம் கருவிகளுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

‘தொடாமல் வைப்பது’ பெட்டியைக் காப்பாற்றவும் செய்வதில்லை. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் அதற்குள் மின்சாரத்தைத் தடுத்து நிற்கிறது. அந்தப் படலத்தை உருவாக்கியதும் மின்சாரம், புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் மின்சாரம். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் படலம் மெலிகிறது. ஒருநாள் யாரோ ஆசையாகப் பிளக்கைச் சொருகுகிறார், முழு வோல்ட்டேஜும் ஒரே அடியாக ஏறுகிறது, கசிவு மின்னோட்டத்தில் கண்டன்சர் சூடாகி வெடிக்கிறது, கூடவே ரெக்டிஃபயர் வால்வும் டிரான்ஸ்பார்மரும் போகின்றன. கோடையில் 40 டிகிரியைத் தொடும் சேலத்துப் பரணில் கண்டன்சரின் மெழுகு உருகி வழிந்திருக்கும், பேண்ட் ஸ்விட்சின் வெள்ளி முனைகள் கறுத்திருக்கும். மாதம் ஒருமுறை ஓட்டும் பெட்டியில் படலம் நிற்கும், சுவிட்ச் திரும்பத் திரும்ப முனைகள் தேய்ந்து சுத்தமாகும், டிரான்ஸ்பார்மருக்குள் ஏறிய ஈரம் சூட்டில் வெளியேறும். ஓட்டினால் வால்வு தேயும் என்பதும் உண்மை. ஆனால் நல்ல வால்வு ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும், மாதத்துக்கு ஒரு மணி நேரம் அதற்குப் பெரிய செலவில்லை.

பழுது என்றால் என்ன என்பதை ஒரே ஒரு பாகத்தை வைத்துப் பார்க்கலாம். ரிசீவரின் கடைசிக் கட்டத்தில், ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6 வால்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய வால்வின் ஆனோடில் ஏறக்குறைய 100 வோல்ட் நிற்கும். அந்த டிசி மின்சாரம் 6வி6இன் கிரிடுக்குப் போகக்கூடாது, ஒலி மட்டும் போக வேண்டும். அதற்காக நடுவில் இருக்கும் சின்னக் காகிதக் கண்டன்சரின் பெயர் கப்ளிங் கண்டன்சர். காகிதம் வயதாகி ஈரம் ஏறும்போது அதன் வழியே மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசியும். வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே, 470 கிலோஓம் கிரிட் ரெசிஸ்டன்ஸில் 4.7 வோல்ட் உருவாகும். மைனஸ் 12.5 வோல்ட் பயாஸில் அடங்கி நிற்க வேண்டிய வால்வு அந்த அளவுக்குக் கட்டவிழ்ந்து, மின்சாரத்தை அள்ளி இழுக்கத் தொடங்கும். முதலில் ஒலி உடைந்து கேட்கும், பிறகு வால்வின் தகடு சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. அந்தக் கண்டன்சரைக் கழற்றிச் சாதாரண மல்டிமீட்டரில் வைத்தால் நல்லது என்றே காட்டிவிடும். மீட்டர் ஓரிரு வோல்ட்டில்தான் சோதிக்கிறது, கசிவோ 100 வோல்ட்டில்தான் வெளிப்படுகிறது. எனவே கண்டன்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் விடுவித்து, செட் ஓடும்போது அந்தக் காலுக்கும் சேஸிஸுக்கும் இடையே வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும். தெளிவாக வோல்ட்டேஜ் காட்டினால் அது கழிவு. சில ரூபாய் விலையுள்ள பாலியெஸ்டர் கண்டன்சர் ஒன்று அந்தச் செட்டையே காப்பாற்றிவிடும்.

ஸ்பேர் கிடைக்காதே என்பதுதான் அதிகம் கேட்கும் ஆட்சேபம். இது பாதிதான் உண்மை. கண்டன்சரும் ரெசிஸ்டன்ஸும் சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கின்றன, தபாலிலும் வருகின்றன. 6வி6, 6எல்6 போன்ற வால்வுகளைக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்காக வெளிநாடுகளில் இன்னும் தயாரிக்கிறார்கள். 1954இல் தொடங்கிய பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகளும் பழைய இருப்பாக அங்கங்கே உண்டு. உண்மையில் கிடைக்காத ஒன்று டிரான்ஸ்பார்மர். அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊருக்கு அனுகூலம் இருப்பதும் அதில்தான். மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவருக்கு டிரான்ஸ்பார்மர் சுற்றுவது புது வித்தையல்ல. கேஜ் மெலிது, சுற்று அதிகம், அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் காகிதம் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அமெரிக்கக் கருவியாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது 60 சைக்கிள் மின்சாரத்துக்குச் செய்தது, நம்முடையது 50 சைக்கிள். அதே வோல்ட்டேஜுக்கு இரும்புக் கோரில் காந்தப்பாய்வு 20 சதவீதம் கூடும், அதனால் சூடும் கூடும். பிரைமரியில் சுற்றுகளை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் இது சரியாகும். செகண்டரியையும் அதே கணக்கில் கூட்ட வேண்டும். நம் ஹாம்களின் கைவழக்கமும் இப்படித்தான், கையில் இருப்பதை வைத்துச் செய்வது. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து உலகெங்கும் பரவிய பிட்எக்ஸ் டிரான்ஸ்சீவரின் முதல் வடிவத்தில், காயில் சுற்ற வெளிநாட்டுக் கோர் தேடாமல், தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரைப் பயன்படுத்தினார்கள்.

ஆபத்தானது என்ற ஆட்சேபத்தை மட்டும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 807 வால்வு டிரான்ஸ்மிட்டரில் 600, 700 வோல்ட் சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது ஃபில்ட்டர் கண்டன்சரில் நிற்கும். அதை வடியவைக்க ஒரு பிளீடர் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். 32 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் 100 கிலோஓம் பிளீடரும் என்றால் கால் நிமிடத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் அறுபது வருடப் பிளீடர் அறுந்துபோயிருந்தால் வெகுநேரம் ஆனாலும் வடியாது, தொட்டவரின் நெஞ்சு வழியேதான் வடியும். எனவே தெரிந்தவர் துணையில்லாமல் டிரான்ஸ்மிட்டரைத் திறக்கக் கூடாது. திறந்தால், ரெசிஸ்டன்ஸ் சேர்த்த இன்சுலேஷன் கம்பியால் வடியவிட்டு, மீட்டரால் உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். இத்தனை கவனத்தையும் கேட்பதால் இதை விட்டுவிட வேண்டும் என்றாகாது. முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்றுதான் ஆகும்.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் பதில் பேரிடர். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில் அந்தமான் செய்திகளை அவர்களே வெளியே அனுப்பினார்கள். இது உண்மை, பெருமைக்குரியது. ஆனால் அதை வால்வு செட்டுக்குச் சான்றாக்குவது சரியல்ல. கரண்ட் இல்லாத இடத்தில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் நவீன செட்டுதான் உதவும், மின்சாரத்தை விழுங்கும் வால்வுப் பெட்டி அல்ல. பழைய பெட்டி தருவது வேறொன்று. நவீன செட்டின் பலகையில் கடுகளவு பாகங்கள், பழுதானால் பலகையையே மாற்றுகிறார்கள். வால்வு செட்டில் ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒவ்வொரு முனையிலும் வோல்ட்டேஜ் அளக்க முடிகிறது, பழுதைக் காரணம் தேடிப் பிடிக்க முடிகிறது. அப்படிப் பிடிக்கப் பழகியவரால் புயலடித்த ஊரில் அறுந்த ஆன்டெனாவையும் ஓடாத பவர் சப்ளையையும் இருப்பதை வைத்து எழுப்ப முடியும். சேலத்து பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எலக்ட்ரானிக்ஸ் பாடம் கிடைப்பது கடினம்.

ஆகவே, தாத்தாவோ சித்தப்பாவோ வைத்துவிட்டுப் போன செட் பரணில் கிடைத்தால் முதலில் பிளக்கைச் சொருகாதீர்கள், பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். திறப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். கூடவே கிடக்கும் நோட்டுப்புத்தகம், கையால் வரைந்த சர்க்யூட், அழைப்புக்குறி அச்சிட்ட அட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள், செட்டைவிட அவை சீக்கிரம் அழியும். டிரான்ஸ்மிட்டராக இருந்தால் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே உரிமமில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். எனவே உரிமம் உள்ள ஹாம் ஒருவரிடமோ கிளப்பிடமோ ஒப்படைப்பதுதான் நேரான வழி. ரிசீவராக இருந்தால், காகிதக் கண்டன்சர்களையும் எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றிய பிறகு, முதல் தடவை சீரிஸ் பல்ப் வழியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். எல்இடி உதவாது, பழைய 60 வாட் குண்டு பல்ப் வேண்டும். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் செட்டுக்குள் பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டு டிரான்ஸ்பார்மரிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.