நன்கொடைப் பதிவும் இரண்டு பேரின் உரிமையும்

2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எஸ்.எம்.ஏ. என்னும் அரிய தசைச் சிதைவு நோயால் அவதிப்பட்ட மூன்று வயதுக் குழந்தைக்காக ஹைதராபாத் தம்பதியினர் இணையத்தில் உதவி கேட்டார்கள். ஒரே ஒரு முறை ஏற்றவேண்டிய ஸோல்ஜென்ஸ்மா மருந்துக்கு ஏறக்குறைய 16 கோடி ரூபாய் தேவைப்பட்டது. சில மாதங்களில் 62,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 14.84 கோடியைக் கொடுத்துவிட்டார்கள். ஜூன் மாதம் இதே நகரில் குழந்தைக்கு மருந்து ஏற்றப்பட்டது. விராட் கோலி, அனுஷ்கா சர்மா போன்றவர்கள் கைகொடுத்ததும், இறக்குமதி வரியை மத்திய அரசு விட்டுக்கொடுத்ததும் உண்மைதான். ஆனாலும் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 2,400 ரூபாய்கூட வரவில்லை. நேரில் பார்த்தே இராத ஒரு குடும்பத்தை நம்பி, சாதாரண மக்கள் தங்களால் இயன்றதைப் போட்டிருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களுக்குச் சமூக ஊடகம் தரக்கூடிய பெரிய வாய்ப்பு இந்த நம்பிக்கை. பெற்றோர் ஒருமுறை கேட்டார்கள், வேலை முடிந்தது. ஒரு நிறுவனமோ ஆண்டு முழுக்கக் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கிறவர்கள் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பேருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்: பணம் கொடுப்பவருக்கும், படத்தில் இருப்பவருக்கும்.

முதலில் கொடுப்பவர். பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கொடுக்கிறோமா, தனிநபருக்கா என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். நோயாளியின் குடும்பத்துக்கு நேரடியாகப் போகும் பணத்துக்கு நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடையாது. அந்த அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால் உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. 2021-22 நிதியாண்டு முதல், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை நிறுவனமே வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, கொடுத்தவருக்குச் சான்றிதழும் தர வேண்டும் என்பது விதி. கொடுத்தவர் அதைக் கேட்டு வாங்கலாம், தயங்க வேண்டியதில்லை. ரசீதும் சான்றிதழும் கேட்டால் மழுப்புகிற இடத்தில் மறுமுறை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

மோசடிக்காரர்கள் பெரும்பாலும் புதுக் கதை எழுதுவதில்லை. உண்மையான வேண்டுகோளின் படத்தையும் வரிகளையும் அப்படியே எடுத்து, க்யூஆர் குறியீட்டை மட்டும் மாற்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விடுகிறார்கள். அதைப் பிடிக்கச் சில விநாடி போதும். ஸ்கேன் செய்ததும், ரகசிய எண்ணைப் போடுவதற்கு முன், பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அறக்கட்டளையின் பெயர் வரவேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும். பரிவர்த்தனை எண், திரைப்பிடிப்பு, பதிவின் இணைப்பு ஆகியவற்றோடு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்ய வேண்டும். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. ஐநூறு ரூபாய்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்படும் சிறு தொகைகளை நம்பித்தான் இந்த மோசடி நடக்கிறது.

இந்தப் புகார்த் தளம் உருவானதில் ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பாலியல் வணிகத்துக்காகக் கடத்தப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் மீட்கும் பிரஜ்வலா அமைப்பின் சுனிதா கிருஷ்ணன், 2015-இல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வன்புணர்வுக் காணொளிகளுக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார். பாதிக்கப்பட்ட பெண்களின் முகத்தை மறைத்து, குற்றவாளிகளின் முகத்தை மட்டும் தெரியவிட்டு வெளியிட்டார். அவர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக ஏற்றது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2018-இல் வந்த தளமே பிறகு எல்லாச் சைபர் குற்றங்களுக்குமாக விரிந்தது. முகம் காட்டினால்தான் மக்கள் மனம் இளகும் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துன்பப்பட்டவர் ஒருவரின் முகத்தைக்கூடக் காட்டாமல் அந்த இயக்கம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அது குற்றத்துக்கு எதிரான இயக்கம், நிதி திரட்டல் அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அழுகிற குழந்தையின் படத்துக்குப் பணம் விரைவாக வரும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை நாளை பள்ளிக்குப் போகும், வேலை தேடும், அப்போதும் படம் இணையத்தில் இருக்கும். பெற்றோர் தம் பிள்ளைக்காகத் தாமே முடிவெடுப்பது ஒன்று, காப்பகம் தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் காட்டிப் பணம் கேட்பது முற்றிலும் வேறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பிறந்தநாள் கேக் வெட்டும் நன்கொடையாளர் நடுவில் நிற்க, சுற்றிலும் காப்பகப் பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரியும் படங்களை எத்தனையோ முகநூல் பக்கங்களில் பார்க்கிறோம். நல்லெண்ணத்தில் போட்டது என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு நேரும் தீங்கு குறைந்துவிடாது.

முகத்துக்குப் பதில் எதைக் காட்டுவது? செய்த வேலையையும் வேண்டிய தேவையையும் காட்டலாம். ஹைதராபாத்தில் 1998-இல் தொடங்கப்பட்ட தலசீமியா மற்றும் சிக்கிள் செல் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலசீமியா என்னும் ரத்த நோய் கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். இது வாழ்நாள் தேவை, பணத்தால் மட்டும் தீராதது. முகாம் எந்த நாளில், எந்தப் பேட்டையில், எந்த வகை ரத்தம் குறைகிறது என்ற மூன்று தகவலே ஒருவரைக் கிளம்பி வர வைக்கும். போன முகாமில் எத்தனை யூனிட் சேர்ந்தது, எத்தனை குழந்தைகளுக்கு ஏற்றப்பட்டது என்று அடுத்த பதிவில் சொன்னால், வந்தவர் திரும்பவும் வருவார்.

கணக்கு எழுதவே ஆளில்லாத சிறிய அமைப்புகளுக்கு இதெல்லாம் சுமை என்பது வலுவான ஆட்சேபம். சுமைதான். ஆனால் மாதம் ஒரு பக்கத்தில் வரவு, செலவு, கையிருப்பு என்று போடுவதற்குத் தணிக்கையாளர் வேண்டியதில்லை. ஹைதராபாத் அமைப்புகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்கொருவர் அமெரிக்காவில் இருக்கும் பகுதிகள் இங்கே ஏராளம், அதனால் நன்கொடை கேட்கும் பதிவு கடல் கடந்து போய்விடும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பின் முதலில் ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதைப் பெற வேண்டும். யார் கொடுக்கலாம் என்பதைப் பதிவிலேயே ஒரு வரியில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

படத்தில் இருப்பவருக்கு என்ன வழி? சிகிச்சைக்கு உதவி வேண்டுமென்றால் படம் எடுக்கச் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அவர் உடன்படத் தேவையில்லை. சம்மதித்த பிறகும் மனம் மாறலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை வகுத்திருக்கிறது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. படத்தை எடுத்துவிடும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டு, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் படம் வெளியான சமூக ஊடகத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். காப்பகக் குழந்தையின் படமென்றால், பார்த்தவர் யாராக இருந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தகவல் சொல்லலாம். அதற்கு உறவுக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை.