பாரம் எங்கே விழுகிறது?

சித்திரக் கல்லூரியில் மனித உருவத்தை வரையப் பயிற்றும் வகுப்புக்கு முதன்முதலாக வரும் மாணவன், பெரும்பாலும், தன் ஊரில் நன்றாகப் படம் போடுகிறவன் என்று பெயர் எடுத்தவனாகவே இருப்பான். புகைப்படத்தின்மேல் கட்டம் கட்டி, ஒரு தலைவரின் முகத்தையோ நடிகரின் முகத்தையோ இமை மயிர் வரையில் அச்சாக எழுதிவிடும் சாமர்த்தியம் அவனிடம் இருக்கும். அத்தகையவன், மேடைமீது ஒரு மனிதர் வந்து நிற்க, ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தவாறே, "ஒரு நிமிஷம்தான், அதற்குள் உச்சி முதல் உள்ளங்கால் வரை முழு ஆளும் காகிதத்தில் வந்துவிட வேண்டும்" என்று சொல்லக் கேட்டதும் திகைத்துப் போகிறான். நெற்றியை வரைந்து புருவத்துக்கு வருவதற்குள் நிமிஷம் தீர்ந்துவிடுகிறது. மேடையில் நின்றவர் வேறொரு நிலைக்கு மாறிவிடுகிறார்.

இந்த அவசரத்துக்கு ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. மனிதன் நிற்பது ஓய்வு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது இடைவிடாத ஒரு செயல். உயர்ந்து ஒடுங்கிய இந்தச் சரீரம், இரண்டு பாதங்கள் அடக்கும் சிறிய பரப்பின்மேல் தன் பாரம் முழுவதையும் தாங்கி நிற்பதால், கணந்தோறும் ஏதேனும் ஒரு தசை இறுகியும் மற்றொன்று தளர்ந்தும் அந்தச் சமநிலையைக் காத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பாரம் எந்த வழியாக இறங்கி எந்தக் காலில் சேர்கிறது என்பதை அறியாமல், வெளிக்கோட்டை மட்டும் எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும், உருவம் தரையில் நிற்பதில்லை. ஆணியில் மாட்டிய சட்டையைப் போலக் காகிதத்தில் தொங்குகிறது. மனித உருவம் வரையும் கல்வியின் சாரம் பாரத்தைக் காணக் கற்பதே என்பது என் துணிபு. அவ்வகுப்பில் நடக்கும் மற்ற அப்பியாசங்கள் யாவும் இந்த ஒன்றை நோக்கியே செல்கின்றன.

ஒரு நிமிஷச் சித்திரத்தில் மாணவன் தேட வேண்டியது உறுப்புகளை அல்ல. தலையிலிருந்து முதுகின் வழியாகப் பாரம் தாங்கும் குதிகால் வரை ஓடும் ஒரே வளைவை அவன் முதலில் பிடிக்க வேண்டும். அதன் பிறகே தோள், இடுப்பு, மடங்கிய கால் ஆகியவை அந்த வளைவோடு வந்து இணைகின்றன. அமெரிக்காவில், நியூயார்க் நகரில் 1875-இல் தோன்றிய ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்னும் கலைப் பள்ளியில் ஆசிரியராக விளங்கிய கைமன் நிக்கோலைடிஸ், இந்த விரைவுப் பயிற்சியை ஒரு முறையாகவே வகுத்தார். அவர் 1938-இல் காலமான பின், 1941-இல் வெளிவந்த அவருடைய நூலின் வழியாக அந்த முறை உலகெங்கும் சித்திர வகுப்புகளில் பரவியது. அவர் வற்புறுத்திய மற்றொரு பயிற்சி இதற்கு நேர்மாறானது: காகிதத்தைப் பாராமல், கண்ணை உருவத்தின் விளிம்பிலேயே பதித்து, எறும்பு ஊரும் வேகத்தில் கண் நகர நகர, அதே வேகத்தில் பென்சிலையும் நகர்த்துவது. முந்தியது பார்வைக்கு வீச்சைத் தருகிறது. பிந்தியது நிதானத்தைத் தருகிறது.

வகுப்பில் பெரும்பாலும் கரியே கருவி. வில்லோ மரத்தின் சுள்ளிகளையோ திராட்சைக் கொடியின் தண்டுகளையோ காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சுட்டுச் செய்யும் கரிக்குச்சி, மென்மையாகக் காகிதத்தில் பதிவதோடு, ஒரு துணியால் தட்டினால் உதிர்ந்தும் போய்விடும். திருத்துவதற்கு அஞ்சாத மனப்பான்மையை வளர்க்க இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை. மாணவன் அதை எழுதுகோலைப் பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடிக்காமல், படுக்கையாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி வரைய வேண்டும் என்பதும், அதற்காகவே காகிதப் பலகையைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்து, ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும் பாடங்கள்.

இனி, கொத்தனார்கள் சுவரின் நேரைப் பார்க்கப் பயன்படுத்தும் தூக்குக்குண்டு இந்த வகுப்பிலும் இடம்பெறுவதைக் கண்டு சிலர் வியப்படையலாம். நூலின் முனையில் ஒரு சிறு பளுவைக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேடையில் நிற்பவருடைய கழுத்தின் கீழே இரண்டு காறை எலும்புகளுக்கும் இடையிலுள்ள குழிக்கு நேராக அதைப் பிடித்துப் பார்த்தால், அதுவரை மாணவனுக்கு மறைந்திருந்த ஓர் உண்மை பிரத்யட்சமாகிறது. ஒரே காலில் பாரத்தைச் சார்த்தி நிற்பவரிடத்தில், கழுத்துக்குழியிலிருந்து இறங்கும் நூல் இரண்டு பாதங்களுக்கும் நடுவே விழாமல், பாரம் தாங்கும் காலின் உட்கணுவை ஒட்டி விழுகிறது. அந்தக் காலின் பக்கத்து இடுப்பு மேலெழுகிறது; மற்றப் பக்கத்து இடுப்பு தாழ்ந்து, அந்த முழங்கால் தளர்ந்து மடங்குகிறது; இடுப்பின் சாய்வை ஈடுசெய்ய, மேலெழுந்த பக்கத்துத் தோள் தாழ்கிறது. தோளின் கோடும் இடுப்பின் கோடும் எதிரெதிராகச் சாய, இரண்டுக்கும் நடுவே முதுகெலும்பு வளைந்து செல்கிறது. குழந்தையை இடுப்பில் ஏந்தித் தெருமுனையில் பேசிக்கொண்டு நிற்கும் எந்தத் தாயிடத்தும் இதைக் காணலாம்; எனினும், சுட்டிக்காட்டப்படும் வரையில் நம்மில் எத்தனை பேர் இதைக் கண்டிருக்கிறோம்?

சிற்பக் கலையின் வரலாற்றில் இதைக் கண்டுகொள்ள மனிதகுலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. கிரேக்க நாட்டுப் பழைய இளைஞர் சிலைகள் இரு கால்களிலும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்து, விறைத்து நின்றன. கி.மு. 480-ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டதும், இப்பொழுது ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் காட்சிசாலையில் இருப்பதுமான 'கிரிட்டியோஸ் சிறுவன்' என்னும் பளிங்கு உருவத்திலேதான், ஒரு காலில் பாரம் சார்ந்து இடுப்பு ஒரு பக்கம் உயர்வதை முதன்முதலாகத் தெளிவாகக் காண்கிறோம்.

நம்முடைய சிற்ப சாஸ்திரம் இதே விஷயத்தைத் தனக்கே உரிய வழியில் கணித்து வைத்திருக்கிறது. வளைவின்றி நிற்பதைச் சமபங்கம் என்றும், சிறிதே வளைந்து நிற்பதை ஆபங்கம் என்றும், தலை, உடல், இடை என்ற மூன்று இடங்களில் ஒடிந்து நிற்பதைத் திரிபங்கம் என்றும் வகுத்து, பிரம்மசூத்திரம் எனப்படும் நடு நூலிலிருந்து ஒவ்வோர் அங்கமும் எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கும் அது அளவு சொல்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில், தேவியின் இடை ஒருபுறம் சாய்ந்து, தோள் மறுபுறம் தாழ்ந்து நிற்கும் அழகு, பாரத்தின் விதியை நன்கறிந்த ஸ்தபதிகளின் அறிவிலிருந்தே பிறந்தது. இன்றும் சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிகள், செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்குத் தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஓலை நறுக்கி, அதை மடித்து மடித்து, தாளம் எனப்படும் அளவு முறையின் பிரமாணத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று அவர்கள் வழங்கும் அந்த ஓலையே அவர்களுக்கு அளவுகோல். பத்துத் தாள அளவான தசதாளத்தின் உத்தம வகையில் உருவத்தின் உயரம் 124 அங்குலம், மத்திமத்தில் 120, அதமத்தில் 116. இந்த அங்குலம் நாம் கடையில் துணி அளக்கும் அங்குலம் அன்று. அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பகுத்துப் பெறும் ஒரு பங்கு.

மேல்நாட்டிலும் இத்தகைய பிரமாணங்கள் உண்டு. ரோமாபுரிக் கட்டடச் சிற்பியான விட்ருவியஸ், முகவாயிலிருந்து நெற்றி மயிரின் விளிம்பு வரையுள்ள முகம் உடலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்றும், மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரையுள்ள கையும் அதே அளவு என்றும், தலை முழுவதும் எட்டில் ஒரு பங்கு என்றும் எழுதி வைத்தார். அந்தக் கணக்கை ஒட்டியே 1490 அளவில் லியோனார்டோ டா வின்சி, வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகால் விரித்து நிற்கும் ஆடவனை வரைந்தார். ஆயினும் வகுப்பு மேடையில் வந்து நிற்பவர் பிரமாணத்தின்படி பிறந்தவரல்லர். பெரும்பாலோர் ஏழு அல்லது ஏழரைத் தலை உயரமே இருக்கிறார்கள். கையை நீட்டிப் பென்சிலின் மேல் கட்டைவிரலை நகர்த்தித் தலையின் நீளத்தை அளந்து, அந்த அளவு உடலில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணிப் பார்க்கும் மாணவன், சாஸ்திரத்தை அறிந்திருப்பது அவசியம். அதைவிட அவசியம், தன் எதிரே நிற்கும் இந்த மனிதர் அதிலிருந்து எங்கே மாறுபடுகிறார் என்று காண்பது. புதியவர்கள் அனைவரும் தலையைப் பெரிதாகவும் கைகால்களைச் சிறிதாகவும் வரைவார்கள். கண்களைத் தலையின் உச்சிப் பக்கம் ஏற்றிவிடுவார்கள். கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கின்றன என்பதை அளந்து பார்த்த பிறகும் நம்ப மனம் ஒப்புவதில்லை. மனம் எதை முக்கியமென்று கருதுகிறதோ அதைக் கை பெரிதாக்குகிறது.

எலும்புகளைப் பற்றிய அறிவு இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள 206 எலும்புகளையும் சித்திரக்காரன் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மண்டையோடு, விலாக்கூடு, இடுப்பெலும்புக் கூடு என்னும் மூன்று கெட்டியான பிண்டங்களும், அவற்றைக் கோக்கும் முதுகெலும்பும், தோலுக்கு மிக அருகில் வந்து வெளியே தெரியும் சில முனைகளும் அவனுக்குப் போதும். காறை எலும்பு, தோள் முனை, முழங்கை முட்டு, இடுப்பின் முன்பக்க முனைகள், முழங்கால் சில்லு, கணுக்கள் ஆகிய இவை, ஒருவர் பருத்தவராயினும் மெலிந்தவராயினும் இடம் பெயர்வதில்லை. கணுவையே எடுத்துக்கொள்வோம். உட்கணு சற்று உயர்ந்தும் வெளிக்கணு சற்றுத் தாழ்ந்தும் இருக்கின்றன. இரண்டையும் சமமட்டத்தில் வரைந்துவிட்டால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் பாதம் மரத்தால் செய்ததாகத் தோன்றும். இந்த ஒரு சாய்வைச் சரியாகப் போட்ட அன்று, மாணவனின் உருவம் முதன்முறையாகத் தரையை அழுத்தி நிற்கத் தொடங்குகிறது. அதைக் கண்டு அவன் முகம் மலர்வதைப் பார்ப்பது ஆசிரியர்க்குப் பெரும் பேறு.

உயிருள்ள உடலைப் பார்த்து வரையும் உரிமை எல்லோருக்கும் எளிதில் கிட்டியதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லண்டனில் 1768-இல் ராயல் அகாதெமி தோன்றியபோது அதன் ஸ்தாபக உறுப்பினருள் ஆஞ்சலிகா கௌஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்மணிகள் இருந்தனர். ஆயினும், மாடலைச் சுற்றி உறுப்பினர்கள் கூடியிருக்கும் காட்சியை யோஹான் ஸோஃபனி தீட்டியபோது, அவ்விருவரையும் சுவரில் தொங்கும் படங்களாக மட்டுமே காட்டினார். அந்த அறைக்குள் பெண்கள் இருக்கலாகாது என்பது அக்காலத்து வழக்கு. அந்த அகாதெமியின் மாணவிகளுக்கு, அரையாடை அணிந்த ஆடவரைப் பார்த்து வரைய 1893-இல்தான் அனுமதி கிடைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள், கற்கும் ஆர்வமும் ஆற்றலும் உடையவர்களுக்கு அடிப்படைப் பாடமே மறுக்கப்பட்டதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது.

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி, உடலின் பாரத்தை உணர்ந்த சிற்பி. அவர் வடித்து 1959-இல் மெரீனாக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில், பாறையைப் பெயர்க்க முயலும் நான்கு ஆடவரைக் காண்கிறோம். கடற்கரைக்குச் செல்வோர் அதன் முன் சிறிது நேரம் நின்று, முகங்களை விட்டுவிட்டு, முதுகிலிருந்து இடுப்புக்கும் அங்கிருந்து ஊன்றிய பாதத்துக்கும் முயற்சி இறங்கிச் செல்லும் வழியைக் கண்ணால் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன பாடமெல்லாம் அங்கே வெண்கலத்தில் இருக்கிறது.

மேடையில் நிற்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது நிமிஷம் அசையாமல் நிற்பது கடினமான உழைப்பு. பாரம் தாங்கும் கால் மரத்துப்போகும். இடுப்பு மெல்ல மெல்ல அமிழும். தொடக்கத்தில் இருந்த தோளின் சாய்வு முடிவில் இராது. ஐந்து நிமிஷ ஓய்வுக்குப் பின் அவர் பழைய இடத்திலேயே நிற்பதற்காகப் பாதங்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டு வைப்பது வழக்கம். நல்ல ஆசிரியர்கள், ஓய்வு வேளையில் மாணவர்களையே மேடையில் ஏற்றி, அதே நிலையில் நிற்கச் செய்வதுண்டு. எந்தத் தொடை நடுங்குகிறது, எந்தத் தோள் வலிக்கிறது என்பதைத் தன் சரீரத்திலேயே அறிந்தவன், மறுபடியும் கரியைக் கையில் எடுக்கும்போது, எந்தக் கோட்டை அழுத்திப் போட வேண்டும் என்று எவரையும் கேட்க வேண்டியிருப்பதில்லை.

கல்லூரியில் சேர வாய்ப்பில்லாதவர்களும் இதைத் தொடங்கலாம். ரயில் நிலையத்தில் காத்து நிற்போரில் ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்து, முதலில் கழுத்துக்குழியை ஒரு புள்ளியாகவும், பாரம் தாங்கும் குதிகாலை மற்றொரு புள்ளியாகவும் குறித்துக்கொண்டு, தோளுக்கு ஒரு சாய்ந்த கோடும் இடுப்புக்கு ஒரு சாய்ந்த கோடும் போட்டுவிட்டு, பிறகு மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். வண்டி வந்து அவர் போய்விட்டால், பாதியில் நின்ற படத்தை அப்படியே விட்டு, அடுத்த பக்கத்தில் அடுத்தவரைத் தொடங்கலாம்.