கண் நன்றாகத் தெரியும்போதே லேசர் எதற்கு?



ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று நலம் விசாரித்தால், சர்க்கரை என்ற சொல் வராமல் பேச்சு முடிவது அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. சென்னையில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 100-க்கு ஏறக்குறைய 18 பேருக்குக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் நம் ஒவ்வொரு பங்கிலும், ஏன், ஒவ்வொரு அன்பியத்திலும், இந்தப் பாதிப்பைத் தெரிந்தோ தெரியாமலோ சுமப்பவர்கள் இருக்கலாம்.

இவர்களில் சிலரிடம் மருத்துவர், "கண்ணுக்கு லேசர் வைக்க வேண்டும்" என்று சொல்கிறார். அதைக் கேட்டதும் அச்சம் வருகிறது. "நன்றாகத் தெரிகிற கண்ணை ஏன் தொட வேண்டும்? லேசர் போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடுமாமே?" என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. முதல் முறை போய்விட்டு, "பார்வை கூடவில்லையே" என்று பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. இந்த இரண்டுமே பார்வையைப் பறிக்கக் கூடியவை. ஆகவே இந்தச் சிகிச்சை என்ன, எதற்காக என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் பின்சுவரில், கேமராவில் ஃபிலிம் இருப்பது போல, விழித்திரை இருக்கிறது. நாம் காண்பதையெல்லாம் வாங்கி மூளைக்கு அனுப்பும் மெல்லிய நரம்புத் திரை அது. தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் அதற்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுவருகின்றன.

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால், இந்தக் குழாய்களின் சுவர்கள் வலுவிழக்கின்றன. முதலில் சின்னச் சின்னப் புடைப்புகள் தோன்றும். பிறகு நீரும் கொழுப்பும் கசியும். அந்தக் கசிவு விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் அங்கே வீக்கம் உண்டாகும். வாசிப்பதும், எதிரே இருப்பவரின் முகத்தை அடையாளம் காண்பதும் மாகுலா எனப்படும் இந்த நடுப்பகுதியால்தான்.

அடுத்த கட்டத்தில் சில குழாய்கள் அடைபட்டுப்போகின்றன. இரத்தம் கிடைக்காமல் பட்டினி கிடக்கும் பகுதி ஒரு வேதிப்பொருளைச் சுரந்து புதிய குழாய்களை வரவழைக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் புதிய குழாய்கள் வலுவற்றவை, முளைக்கக் கூடாத இடத்தில் முளைப்பவை. ஒருநாள் அவை உடைந்தால், கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருளில் இரத்தம் கலந்து பார்வையை மறைத்துவிடும். அவற்றோடு வளரும் தழும்பு சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுப்பதும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இவ்வளவும் வலியில்லாமல் நடக்கிறது. நடுப்பகுதி பாதிக்கப்படாத வரை, மருத்துவமனைப் பலகையின் கடைசி வரியைக்கூட வாசித்துவிடலாம். "சாமி, நான் ஊசியில நூல் கோக்கிறேன், எனக்கு எதுக்கு லேசர்?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். "ஓட்டு வீட்டுல மழை வந்த பிறகா ஓடு மாத்துவீங்க?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் புரிந்துகொண்டார். கண் தெளிவாகத் தெரியும் காலம்தான் லேசருக்கு ஏற்ற காலம்.

லேசர் என்ன செய்கிறது?

ஒளியால் விழித்திரையைக் குணமாக்கலாம் என்ற எண்ணம் ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1945-இல் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த ஒருவரின் விழித்திரையில் ஏற்பட்ட சுட்ட தழும்பை, ஜெர்மானிய கண் மருத்துவர் மேயர்-ஷ்விக்கராத் கவனித்தார். கெடுதல் செய்த அதே ஒளியை அளவோடு பயன்படுத்தினால் நன்மை செய்யலாமே என்று சிந்தித்து, முதலில் சூரிய ஒளியையும் பின்னர் செனான் விளக்கையும் பயன்படுத்தினார். 1960-இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த இடத்தை லேசர் எடுத்துக்கொண்டது.

1970-களில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முற்றிய விழித்திரைப் பாதிப்புள்ள 1,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை தந்து, மறு கண்ணோடு ஒப்பிட்டார்கள். கடுமையான பார்வை இழப்பை இச்சிகிச்சை பாதிக்கு மேல் குறைத்தது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால், சிகிச்சை தராமல் விட்டிருந்த கண்களில் ஆபத்தான நிலையில் இருந்தவற்றுக்கும் 1976-இல் சிகிச்சை தர அனுமதித்தார்கள்.

அது எப்படிக் காக்கிறது? கிணறு வற்றும் கோடையில் விவசாயி எல்லா வயலுக்கும் தண்ணீர் பாய்ச்ச முடியாது. ஓரத்து வயல்களைத் தரிசாக விட்டு, கதிர் பிடித்து நிற்கும் வயலுக்குத் தண்ணீரைத் திருப்புகிறார். மருத்துவரும் அதைத்தான் செய்கிறார். பட்டினி கிடக்கும் விழித்திரையின் ஓரப்பகுதிகளில் நுண்ணிய சூட்டுப் புள்ளிகளை இடுகிறார். ஒரு கண்ணுக்குப் பொதுவாக 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். அந்தப் பகுதிகளின் ஆக்சிஜன் தேவை குறைகிறது. புதிய குழாய்களைத் தூண்டும் வேதிப்பொருள் குறைகிறது. முளைத்த குழாய்கள் சில வாரங்களில் சுருங்கத் தொடங்குகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். கண்ணாடியைத் தவிர்க்க இளைஞர்கள் செய்துகொள்ளும் லேசர் கருவிழியில் செய்யப்படுவது. கண்புரை அறுவைக்குப் பின் சிலருக்கு லென்ஸின் பின்சவ்வு மங்கும்போது செய்யப்படும் லேசர் வேறு. நாம் பேசுவது விழித்திரைக்கான லேசர். அண்டை வீட்டுக்காரர் "எனக்கு லேசர் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது" என்று சொன்னால், அவருக்குச் செய்தது வேறு சிகிச்சையாக இருக்கலாம்.

எதை எதிர்பார்க்கலாம்?

உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்த லேசர் இழந்த பார்வையைத் திருப்பித் தருவதற்கல்ல, இருக்கும் பார்வையைக் காப்பதற்கு. சிகிச்சை முடிந்ததும் பார்வை கூடவில்லை என்றால் அது தோல்வி அல்ல. பல ஆண்டுகள் கழித்தும் அதே பார்வை இருந்தால், அதுதான் வெற்றி.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஓரத்து வயல் தரிசாவதுபோல, பக்கவாட்டுப் பார்வை ஓரளவு குறையலாம். இருட்டில் பார்ப்பது சற்றுக் கடினமாகலாம். நிறங்கள் கொஞ்சம் மங்கித் தெரியலாம். சிலருக்கு நடுப்பகுதி சில வாரங்கள் வீங்கிப் பார்வை மங்குவதும் உண்டு. இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. ஆனால் மறுபக்கத்தில் இருப்பது முழு இருளாக இருக்கலாம். ஓரத்தில் கொஞ்சம் கொடுத்து நடுவைக் காப்பாற்றுகிறோம் என்பதை உணர்ந்தால், மனம் இதை ஏற்கும்.

"லேசர் போட்டவருக்குக் கண் போய்விட்டது" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? பல வேளைகளில், உள்ளே இரத்தக் கசிவு தொடங்கிய பின், மிகத் தாமதமாக வந்தவர்களின் கதை அது. நோய் பறித்ததை லேசரின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் உண்டு. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அப்லிபர்செப்ட் ஆகியவை அவற்றில் சில. நடுப்பகுதி வீங்கிப் பார்வை குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஊசிதான் முதல் சிகிச்சை. இதில் பலருக்குப் பார்வை கூடுவதும் உண்டு. புதிய குழாய்கள் முளைத்த நிலையிலும் ஊசி லேசருக்குக் குறைந்ததல்ல என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் ஊசிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். இடையில் விட்டால் நோய் வேகமாகத் திரும்பலாம். லேசரின் பலன் நெடுநாள் நிற்கும். அடிக்கடி வர இயலாதவர்கள் அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை நாளன்று

பொதுவாக வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. உணவையும் சர்க்கரை மாத்திரையையும் அல்லது இன்சுலினையும், மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வழக்கம்போல் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு முன் சிலருக்குக் கையில் மஞ்சள் நிற மருந்தைச் செலுத்திக் கண்ணைப் படம் எடுப்பார்கள். அதன்பின் தோல் சற்று மஞ்சளாகவும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும். ஓரிரு நாளில் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

கண்ணின் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசும்படியும் இருக்கும். ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். மரத்துப்போக மருந்து விட்டு, கருவியின் முன் உட்கார வைத்து, தாடையையும் நெற்றியையும் பொருத்தி வைக்கச் சொல்வார்கள். கண்ணின் மேல் ஒரு லென்ஸை வைப்பார்கள். பிறகு பளிச் பளிச்சென்று ஒளி தெரியும். சிலருக்கு ஒன்றும் தெரியாது, சிலருக்குச் சுருக்கென்று குத்தும். வலித்தால் தலையை இழுக்காமல் வாயால் சொல்லுங்கள். நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடர்வார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று தவணைகளாகச் செய்து முடிப்பார்கள். எல்லாத் தவணைகளும் முடிந்தால்தான் சிகிச்சை முடிந்தது என்று பொருள்.

அதன்பின் எப்போதாவது கண்முன் திடீரென்று கரும்புள்ளிகள், நூலாம்படை, திரை விழுந்தது போன்ற மறைப்பு தெரிந்தால் அடுத்த தவணைவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செபமும் சிகிச்சையும்

"வேளாங்கண்ணி போய் வந்த பிறகு பார்க்கலாம்", "குணமளிக்கும் செபக்கூட்டம் முடியட்டும்" என்று சிலர் தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். நேர்ச்சை நல்லது, செபம் நல்லது. ஆனால் மருத்துவர் குறித்த நாளைத் தள்ளிவைக்க அவை காரணமாகக் கூடாது. மருத்துவரை மதிக்க வேண்டும், அவரைத் தந்தவரும் ஆண்டவரே என்பதுதான் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தின் போதனை. யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் பார்வையற்றவரை ஆண்டவர் ஒரு குளத்துக்கு அனுப்புகிறார். அவர் எழுந்து அங்கே போகிறார். குணமாகிறவருக்கும் நடக்க வேண்டிய தூரம் ஒன்று இருந்தது. மருத்துவமனை வரை நடப்பதும் நம்பிக்கையின் செயல்தான்.

தவக்காலத்தில் சிலர் இன்சுலின் போட்டுக்கொண்டே உணவைத் தவிர்க்கிறார்கள். இது ஆபத்தானது. நோயுற்றவர்களை உண்ணாநோன்பு கட்டுப்படுத்தாது. உங்களுக்கு வேறு தவமுயற்சிகள் உள்ளன. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே அவற்றில் ஒன்று. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், லேசர் செய்த கண்ணிலும் நோய் தொடரக்கூடும்.

நாம் செய்யக்கூடியது

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதித்து, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் தொடர வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. நம் மாநிலத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்கி வருகிறது. மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று பல ஊர்களில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவுகள் உண்டு. காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

பலரைத் தடுப்பது பணம் மட்டுமல்ல, துணைக்கு ஆள் இல்லாததும்தான். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெற்றோர் நம் பங்குகளில் பலர். அன்பியத்தில் ஒருவர் கூடப் போகலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் பயணச் செலவுக்கு உதவலாம். கண்களின் பாதுகாவலியான புனித லூசியாவின் திருவிழா டிசம்பர் 13. அந்நாளையொட்டி ஒவ்வொரு பங்கிலும் ஒரு விழித்திரைப் பரிசோதனை முகாம் நடத்தினால், அது அப்புனிதைக்கு நாம் ஏற்றும் நல்ல மெழுகுதிரியாக இருக்கும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ளவர் யார், அவருக்குக் கடைசியாக விழித்திரை பார்த்தது எப்போது என்று இன்று இரவு குடும்ப செபம் முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், இந்த வாரமே ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். லேசர் பாதியில் நின்றிருந்தால், மீதியை முடிக்க அவரோடு நீங்களே போங்கள். இறைவன் உங்கள் அனைவரின் கண்களையும் காப்பாராக.