பழைய ஐமேக்குக்குப் புது கார்டா? பணம் கொடுக்கும் முன் உஷார்!

திரையில் கோடு கோடாக விழுகிறது. பிறகு ஒரேயடியாக இருட்டு! பழைய ஐமேக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடுகிறவர்களின் கேள்வி: "கிராபிக்ஸ் கார்டு மாத்தினா சரியாயிடுமா?"

வருஷத்தைப் பாருங்க

2009 முதல் 2011 வரை வந்த 27 அங்குல மாடல்களில் கார்டு தனி. கழற்றி மாற்றலாம். 2012 கடைசியில் வந்த மெல்லிய மாடலில் சிப்பை போர்டோடு பற்றவைத்து விட்டார்கள். அதற்கும் "புது கார்டு போடறேன்" என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால் நம்ப வேண்டாம்!

2011 மாடலில் இந்தக் கோளாறு பிரசித்தம். 2013-ல் ஆப்பிள் நிறுவனமே ரேடியான் 6970எம் கார்டு கொண்ட சில ஐமேக்குகளுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அந்தச் சலுகை எப்போதோ முடிந்து போச்சு.

எந்தக் கார்டு?

சாதாரண கம்ப்யூட்டர் கார்டு இதில் நுழையாது. லேப்டாப்புகளில் வரும் எம்.எக்ஸ்.எம். வகைதான் வேண்டும். அதிலும் மேக்குக்கென்று எழுதிய பயாஸ் இல்லாவிட்டால், ஸ்விட்ச் போட்டதும் வரும் ஆப்பிள் சின்னம் தெரியாது.

பழுதான கார்டை அடுப்பில் வைத்துச் சுடும் வித்தையும் உண்டு. பிழைத்தாலும் நெடுநாள் நிற்காது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் மின்சாரம் தங்கியிருக்கும். கை வைத்தால் ஷாக்! தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.