ஐஸ் பெட்டியில் கோழிக்கறி. பக்கத்திலேயே தாய்ப்பால் பாக்கெட்!

அவிநாசி,
ஒரு கதவு பிரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி எவ்வளவு பெரிசு? 190 லிட்டர் பிரிட்ஜ் என்றால், ஐஸ் பெட்டிக்குக் கிடைப்பது சுமார் 15 லிட்டர்தான். ஒரு பிளாஸ்டிக் குடம் அளவு இடம்.

அதற்குள் என்னதான் இல்லை! ஞாயிற்றுக்கிழமை வாங்கி மிச்சமான கோழிக்கறி. உரித்த பட்டாணி. துருவிய தேங்காய். பிள்ளைகள் பாதி தின்று வைத்த ஐஸ்கிரீம் டப்பா. போன மாதம் யாரோ வைத்து, உள்ளே என்ன என்று இப்போது யாருக்கும் தெரியாத ஒரு கறுப்புப் பை. இது போதாது என்று சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை வெளேரென்று உறைபனி.

"இதுல எங்க அம்மிணி இடம் இருக்குது?" என்று ஒரு மாமியார் கேட்டால், அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

இந்தப் பெட்டிக்குள் கொஞ்ச காலமாகப் புது விருந்தாளி ஒன்று இடம் கேட்கிறது. தாய்ப்பால் பாக்கெட்!

42 லிட்டர் தந்த தாய்

2022-ம் ஆண்டு நவம்பரில் கோவை வட்டாரமே ஒரு செய்தியைப் படித்து மூக்கின் மேல் விரலை வைத்தது.

கோவை மாவட்டம் கணியூரைச் சேர்ந்த ஓர் இளம் தாய். கல்லூரியில் பாடம் நடத்துபவர். தன் பெண் குழந்தைக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்த பாலை எடுத்து எடுத்துச் சேர்த்தார். 2021 ஜூலை முதல் 2022 ஏப்ரல் வரை அவர் தானமாகத் தந்தது 42 லிட்டர்! இந்திய சாதனைப் புத்தகத்திலும் ஆசிய சாதனைப் புத்தகத்திலும் இடம் பிடித்தார். 1,400 குழந்தைகளுக்கு அந்தப் பால் போய்ச் சேர்ந்ததாக அப்போது பத்திரிகைகளில் வந்தது.

அவருக்கு வழி காட்டியவர் அவிநாசிக்காரர். தாய்ப்பால் தானத்துக்காக "அமிர்தம்" என்ற அமைப்பை நடத்திய ரூபா செல்வநாயகிதான் அவர். பாலை எப்படி எடுப்பது, எப்படிக் கெடாமல் வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இருந்ததால்தான் காரியம் நடந்தது.

அவரோடு நிற்கவில்லை. கோவையைச் சேர்ந்த இன்னொரு தாய் 100 லிட்டரையும் தாண்டினார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 42 லிட்டரை 100 மில்லி பாக்கெட்டாகப் போட்டால் 420 பாக்கெட். ஐஸ் பெட்டியோ 15 லிட்டர். அதிலும் கோழிக்கறி போக மிச்சம் எவ்வளவு? ஆக, சேர்ப்பது பாதி வேலை. சேர்ந்ததை அவ்வப்போது எடுத்துப் போய் மருத்துவமனையில் ஒப்படைப்பது மீதிப் பாதி.

யாருக்கு இந்தப் பால்?

குறை மாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைகளுக்கு. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடைதான் இருக்கும். தாய்க்குப் பால் சுரந்திருக்காது. அல்லது தாய் வேறு வார்டில் மயக்கத்தில் இருப்பார். சில குழந்தைகளுக்குத் தாயே இல்லை.

ஒரு வேளைக்குச் சில மில்லி போதும். நம் வீட்டு மருந்து மூடி அளவு. ஆனால் அந்தச் சில மில்லி தாய்ப்பாலாக இருந்தால், குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கி உயிரையே எடுக்கும் ஒரு நோய் வரும் ஆபத்து குறைகிறது. பவுடர் பாலில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. இந்தியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கி வைத்தார். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு இந்த வசதி வந்தது பிற்பாடுதான்.

வங்கியில் வந்த பாலை அப்படியே கொடுத்துவிட மாட்டார்கள். தானம் தருபவருக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, பிறகு குளிர வைத்து, கிருமிப் பரிசோதனை செய்து, மைனஸ் 20 டிகிரியில் பூட்டி வைப்பார்கள்.

அங்கே எல்லாம் சரிதான். வில்லங்கம் நம் வீட்டுச் சமையல்கட்டில்.

பெட்டியைக் காலி செய்யுங்க!

முதலில் அந்தக் கறுப்புப் பை. என்னவென்று தெரியாத எதுவும் ஐஸ் பெட்டியில் இருக்கத் தேவையில்லை. தூக்கிப் போடலாம்.

அடுத்து உறைபனி. கால் அங்குலத்துக்கு மேல் படிந்தால் பெட்டி குளிர் பிடிக்காது. கரண்டு பில் மட்டும் ஏறும். அதைக் கத்தியால் குத்தி எடுப்பதுதான் நம்ம ஊர் வழக்கம். இது பெரிய தப்பு. பனிக்குப் பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குள் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து போதும், கேஸ் போய்விடும். செலவு ஆயிரக்கணக்கில் வரும். புது மாடல்களில் பலவற்றில் இருப்பது தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன் கேஸ் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. குமிழின் நடுவில் இருக்கும் பட்டனை அழுத்திவிட்டால் பனி தானே உருகிவிடும். அதுவரை பாக்கெட்டுகளை ஐஸ் கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்தால் போதும்.

பிறகு கறி. கறியை மூடி போட்ட டப்பாவில் அடியில் வைக்க வேண்டும். பால் பாக்கெட்டுக்கு மேலே கறி வைத்தால், கரண்டு போகிற அன்று ரத்தத் தண்ணீர் எங்கே சொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலுக்குத் தனி டப்பா ஒன்று. அதில் வேறு எதுவும் கூடாது. மீன் வாங்குகிற வீடு என்றால் இது ரொம்ப முக்கியம்.

இடத்தை மிச்சப்படுத்த ஒரு தந்திரம் உண்டு. பாக்கெட்டைப் படுக்கப் போட்டுத் தட்டையாக உறைய வைப்பது. நன்றாக உறைந்த பிறகு, அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி அடுக்கலாம். உருண்டையாக உறைந்த நாலு பாக்கெட் பிடிக்கும் இடத்தில் தட்டையாக எட்டு, பத்து கூடப் போகும். பாக்கெட்டை முட்ட நிரப்பக் கூடாது. பால் உறையும்போது உப்பும், வெடித்துவிடும். ஒரு அங்குலம் காலியாக விட வேண்டும்.

தேதி! எடுத்த நாளும் நேரமும் பாக்கெட் மேல் எழுதியே ஆக வேண்டும். பழசு முன்னால், புதுசு பின்னால். ரேஷன் கடைக் கியூ மாதிரி, முதலில் வந்தது முதலில் போக வேண்டும்.

தனிக் கதவு உள்ள பிரீசரில் தாய்ப்பால் 6 மாதம் வரை நன்றாக இருக்கும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. ஒரு கதவு பிரிட்ஜின் உள்ளே இருக்கும் ஐஸ் பெட்டிக்கு அது பொருந்தாது. கதவைத் திறக்கத் திறக்கக் குளிர் இறங்கிவிடும். அதற்கு 2 வாரம்தான் கெடு. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 நாள். வெளியே வைத்தால் 4 மணி நேரம்.

உருக்கிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கவே கூடாது. உருகிய பாலில் சோப்பு வாசம் வந்தால் பதற வேண்டாம். பாலில் உள்ள கொழுப்பு பிரிவதால் வருவது அது.

500 ரூபாய் பாட்டில்!

தானத்துக்குத் தரும் பாலைக் காசாக்கிய ஆட்களும் உண்டு. 2024 மே மாதக் கடைசியில் சென்னை மாதவரத்தில் புரோட்டீன் பவுடர் கடை ஒன்றில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் நுழைந்தார்கள். உள்ளே பாட்டில் பாட்டிலாகத் தாய்ப்பால்! 50 மில்லி 500 ரூபாய் என்று விற்றிருக்கிறார்கள். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

அதற்குச் சில நாள் முன்னால்தான், மே 24-ந்தேதி, தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருந்தது. வாங்குவதும் கொடுப்பதும் காசில்லாமல், மருத்துவமனை மூலமாக மட்டுமே நடக்க வேண்டும். வீடு தேடி வந்து "பால் இருக்குதுங்களா, பணம் தர்றோம்" என்று யாராவது கேட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

கரண்டு போனால்?

கொங்கு நாட்டில் இது பெரிய கேள்வி. 2012-ல் கோவை, திருப்பூர் பக்கம் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அப்போது பிரிட்ஜ் வெறும் அலமாரி. இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் துணை மின்நிலையப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள்.

அந்த அறிவிப்பைப் படித்ததும், முதல் நாள் ராத்திரியே ஐஸ் பெட்டியில் காலியான சந்துகளில் முக்கால் பாட்டில் தண்ணீர் வைத்து உறைய விட வேண்டும். நிறைந்த பெட்டி சீக்கிரம் சூடேறாது. கரண்டு இல்லாத நேரத்தில் கதவைத் திறக்கக் கூடாது. "உருகிருச்சா பாரு" என்று பத்து தடவை திறந்து பார்ப்பதில்தான் பாதி உருகுகிறது.

ஊருக்குப் போகிற குடும்பங்கள் என்ன செய்வது? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் கவலை இல்லை. டம்ளரின் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். பார்க்கக் கல் மாதிரிதான் இருக்கும். பாக்கெட்டுகளை எடுத்துக் கொட்டிவிட வேண்டியதுதான், கோழிக்கறியையும் சேர்த்து.