கையில் இல்லாததை விற்கலாமா?

கையில் இல்லாத பொருளை விற்க முடியுமா?

முடியும்! அமெரிக்காவில் தினமும் இப்படி வியாபாரம் நடக்கிறது. சட்டமும் இதை அனுமதிக்கிறது.

ஆனால், கம்பெனிப் பங்குக்கு ஒரு விதி. கோதுமை, சோளம் போன்ற விளைபொருளின் முன்பேரத்துக்கு வேறு விதி. ஏன் இந்த வேற்றுமை?

இரவல் பங்கு

முதலில் பங்கைப் பார்ப்போம்.

ஒரு பங்கின் விலை 100 டாலர். "இது இறங்கும்" என்று ஒருவர் எண்ணுகிறார். அவரிடம் அந்தப் பங்கு இல்லை. தரகர் மூலம் ஒன்றை இரவல் வாங்கி, 100 டாலருக்கு விற்று விடுகிறார்.

சில நாட்களில் விலை 80 டாலராக இறங்குகிறது. உடனே ஒரு பங்கை வாங்கி, இரவலைத் திருப்பிக் கொடுக்கிறார். கட்டணம் போக மீதி அவருக்கு லாபம்!

விலை ஏறி விட்டால்? 150 டாலர் ஆனாலும் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். விலை ஏறுவதற்கு எல்லை கிடையாது. ஆகவே, நஷ்டத்துக்கும் எல்லை கிடையாது.

1929-ல் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. ஏராளமான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. இப்படி விற்றவர்கள் மீது பழி விழுந்தது.

1938-ல் ஒரு கட்டுப்பாடு வந்தது. விலை இறங்கிக் கொண்டிருக்கும்போது இரவல் பங்கை விற்கக் கூடாது. ஒரு படியாவது ஏறிய பிறகே விற்கலாம்.

இந்த விதி 2007-ல் நீக்கப்பட்டது. 2010-ல் வேறு உருவில் வந்தது. ஒரு பங்கின் விலை 10 சதவீதம் விழுந்தால், அன்று மீதி நேரமும் மறுநாளும் கட்டுப்பாடு உண்டு. பங்கு இரவலாகக் கிடைக்குமா என்பதையும் தரகர் முன்கூட்டியே பார்த்துக் கொள்ள வேண்டும்.

வாக்கு வியாபாரம்

முன்பேரம் அப்படி அல்ல.

"மார்ச் மாதம் இவ்வளவு கோதுமை, இன்ன விலைக்குத் தருகிறேன்" என்பது ஒருவர் வாக்கு. "வாங்கிக் கொள்கிறேன்" என்பது மற்றவர் வாக்கு. இன்று பொருள் கைமாறுவதில்லை. எனவே, இரவல் வாங்கும் வேலையே இல்லை. விலை இறங்கும்போது விற்கக் கூடாது என்ற விதியும் இல்லை.

இதனால் விவசாயிக்கு நன்மை உண்டு. பயிர் நிலத்தில் நிற்கும்போதே விலையை உறுதி செய்து கொள்கிறார். அறுவடை நேரத்தில் விலை விழுந்தாலும் பயம் இல்லை. விற்பதைத் தடுத்தால், அவரையும் தடுத்ததாகி விடும்!

இங்கும் கட்டுப்பாடு உண்டு. இரு தரப்பாரும் ஈட்டுப் பணம் கட்ட வேண்டும். தினமும் கணக்குப் பார்க்கப்படும். நஷ்டம் அடைந்தவரின் பணம் லாபம் அடைந்தவருக்குப் போகும். ஈடு குறைந்தால் மேலும் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பேரம் முடிக்கப்பட்டு விடும். பல பொருள்களில், ஒருவர் எவ்வளவு பேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பும் உண்டு.

சாக்கை விட மலிவு!

இந்த வியாபாரத்தில் அநியாயம் எப்படி நுழைந்தது? அதற்கு சிகாகோ வெங்காயமே சாட்சி!

வின்சென்ட் கொசுகா என்பவர் நியூயார்க் மாநிலத்து வெங்காய விவசாயி. சாம் சீகல், சிகாகோ வியாபாரி. 1955-ல் இருவரும் கூட்டுச் சேர்ந்தனர். சிகாகோவில் வெங்காயத்தை வாங்கிக் குவித்தனர். சுமார் 3 கோடி பவுண்டு! அதாவது, ஏறத்தாழ 13,600 டன்.

"நீங்கள் வாங்கிக் கொள்ளாவிட்டால் மார்க்கெட்டில் கொட்டி விடுவோம்" என்று மிரட்டி, ஒரு பகுதியை விவசாயிகள் தலையிலேயே கட்டினர். பிறகு, விலை இறங்கினால் லாபம் வரும்படி முன்பேரத்தில் ஏராளமாக விற்றனர். அதன்பின், கையிருப்பை மார்க்கெட்டில் கொட்டினர்.

1955 ஆகஸ்டில் 50 பவுண்டு மூட்டை 2 டாலர் 75 சென்ட் விற்றது. 1956 மார்ச்சில் அதன் விலை வெறும் 10 சென்ட்! வெங்காயத்தை விட, அது வந்த சாக்குக்கு விலை அதிகம். விவசாயிகள் பலர் திவாலானார்கள்.

யார் குற்றம்?

விவசாயிகளின் குமுறல் தலைநகர் வாஷிங்டனை எட்டியது. பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு போர்டு அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். தடை மசோதாவை அவர் ஆதரித்து நின்றார். 1958 ஆகஸ்டில் ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்டார். வெங்காய முன்பேரம் அடியோடு ஒழிந்தது. அந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. 2010-ல், சினிமா வசூல் மீதான முன்பேரமும் இந்தத் தடையில் சேர்ந்தது!

ஆனால், கையில் இல்லாததை விற்றதுதானா குற்றம்? இல்லை. ஊர்ச் சரக்கை எல்லாம் இருவர் கையில் திரட்டி, விலையை ஆட்டிப் படைத்ததே குற்றம்.

தண்டனையோ வியாபாரம் முழுவதற்கும் கிடைத்தது. அமெரிக்காவில் சோளம் பயிரிடுபவர் அறுவடைக்கு முன்பே முன்பேரத்தில் விற்று, விலையை உறுதி செய்து கொள்ளலாம். பக்கத்து நிலத்தில் வெங்காயம் பயிரிடுபவருக்கு அந்த வழி இல்லை.